மார்கோஸ் குடும்பத்துக்கும் வரி மன்னிப்பு இருந்ததா?

பிலிப்பைன்ஸ் அரசின் எஸ்டேட் வரி பொதுமன்னிப்புத் திட்டம் 2025 ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இறந்தவர் சொத்துக்கு வாரிசுகள் கட்டத் தவறிய வரியை, அபராதமும் வட்டியும் இல்லாமல், நிகர மதிப்பில் 6 சதவீதம் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ள முடிந்தது. இதைப் பற்றி வந்த சிறு செய்தியைப் பார்த்துவிட்டுப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். கேட்கும் விதம்தான் வேறு வேறு, கேள்வி ஒன்றுதான்: அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஜூனியர் முன்னாள் அதிபரான தன் அப்பா வைத்த பாக்கியைக் கழிக்கத்தானே இந்தச் சட்டம்?

அப்பா யார், 1986-இல் எப்படி ஓடினார், அம்மா இமெல்டாவின் செருப்பு அலமாரி எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. சந்தேகம் நியாயமானது, விடைதான் வேறு. சட்டம் வந்தது 2019 பிப்ரவரியில், முந்தைய அதிபர் துதெர்தே ஆட்சியில். கெடு இரண்டு முறை நீண்டது. கடைசி நீட்டிப்பு மட்டும் மகன் பதவியில் இருந்தபோது, 2023 ஆகஸ்டில் வந்தது. அதிலும் அவர் கையெழுத்துப் போடவில்லை. குறித்த நாட்கள் கடந்து, தானாகச் சட்டமானது. தவிர, நீதிமன்றத்தில் இறுதியாகிவிட்ட எஸ்டேட் வரிக்கும், கொள்ளைச் சொத்தை மீட்க 1986-இல் அமைத்த பி.சி.ஜி.ஜி. ஆணையத்தின் கீழ் வழக்கில் இருக்கும் சொத்துக்கும் மன்னிப்புக் கிடையாது என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. மார்கோஸ் குடும்பம் இரண்டு வாசலிலும் மாட்டியது.

முதல் வாசலில் எப்படி மாட்டினார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுவது.

பெரிய மார்கோஸ் 1989 செப்டம்பரில் ஹவாயில் இறந்தார். வாரிசுகள் இறப்பு அறிவிப்பும் கொடுக்கவில்லை, எஸ்டேட் வரிக் கணக்கும் தாக்கல் செய்யவில்லை. வரித்துறை தானே கணக்குப் போட்டு, 1991 ஜூலையில் ஒரு தொகையை நிர்ணயித்தது: 2,329 கோடி பெசோ. அந்த நோட்டீஸ் மணிலாவை ஒட்டிய சான் ஹுவானில் இமெல்டாவின் வீட்டுக்குப் போயிற்று. வாங்கிக்கொண்டவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். இமெல்டா அப்போது நாட்டிலேயே இல்லை. திரும்பி வந்தது அந்த ஆண்டு நவம்பரில். ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டம் தந்த அவகாசம் 30 நாள். அதற்குள் ஒரு தாள்கூடப் போகவில்லை. வந்த பிறகும் போகவில்லை.

அங்கேதான் பூட்டு விழுந்தது. தொகை சரியா, சொத்து மதிப்பு மிகையா என்று பேச வேண்டிய இடம் வரித்துறையும் அதற்கு மேல் வரி மேல்முறையீட்டு நீதிமன்றமும். அந்த வாசல் மூடிய பிறகு எண்ணைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

1993-இல் வரித்துறை சொத்துகளை ஜப்தி செய்தது. அந்த ஜூலை 5-ஆம் தேதி, இமெல்டாவின் சொந்தப் பக்கமான டக்லோபான் நகரில் பதினோரு மனைகள் ஏலத்துக்கு வந்தன. ஏலம் கேட்க ஒருவரும் வரவில்லை. ஏன் என்று நீதிமன்றப் பதிவு சொல்லவில்லை. அந்த ஊரில் அந்தக் குடும்பத்தின் நிலத்தை எவர் துணிந்து கேட்பார் என்பது என் ஊகம். கேட்பாரில்லாததால் மனைகள் அரசுடைமை என்று அறிவிக்கப்பட்டன.

இன்றைய அதிபர்தான் அன்று வழக்குக்குப் போனார். உயில் வழக்கு நிலுவையில் இருக்கிறது, அந்த நீதிமன்றத்தைக் கேட்காமல் வரித்துறை கை வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். 1997 ஜூன் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. வரி வசூலுக்கு உயில் நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை. தொகையில் குறை இருந்தால் உரிய நேரத்தில் உரிய இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். 1999-இல் அந்தத் தீர்ப்பு இறுதியானது.

சட்ட மொழியில் இதை இறுதியானது, நிறைவேற்றத்தக்கது என்பார்கள். கடன்காரர் இனி வாயைத் திறக்க முடியாது என்பது முதல் பாதி. அரசு நினைத்தால் வசூலிக்கலாம் என்பது இரண்டாம் பாதி. வசூலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி அந்தோனியோ கார்பியோ, வட்டியும் அபராதமும் சேர்த்தால் பாக்கி 20,300 கோடி பெசோவைத் தாண்டும் என்று கணக்குச் சொன்னார். இன்றைய மதிப்பில் சுமார் முப்பதாயிரம் கோடி ரூபாய். அந்நாட்டு வரிச் சட்டத்தில் பாக்கிக்கான வட்டி நீண்ட காலம் ஆண்டுக்கு 20 சதவீதமாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் தொகை ஏறிய வேகம் புரியும். 2022 தேர்தல் நேரத்தில் இது பெரிதாக வெடித்தபோது, வழக்கு இன்னும் முடியவில்லை என்றது மகனின் பிரச்சார அணி. 2021 டிசம்பர் 2-ஆம் தேதி கேட்பு நோட்டீஸ் அனுப்பிவிட்டோம் என்றது வரித்துறை. இறுதியாகி இருபத்திரண்டு ஆண்டு கழித்தும் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதைத்தான் அங்கே நடவடிக்கை என்கிறார்கள். 2022 மே மாதம் மகன் 3.1 கோடிக்கு மேல் வாக்கு வாங்கி ஜெயித்தார். வரி ஆணையரையும் நிதி அமைச்சரையும் நியமிப்பவர் அதிபர். மீட்பு ஆணையமும் நிர்வாகத்துக்குள்தான், நீதித்துறை அமைச்சகத்தின் கீழ்தான்.

இப்போது ஜூன் 14-க்குத் திரும்புவோம். இந்தத் திட்டம் யாருக்குத் தேவைப்பட்டது? தாத்தா பெயரில் கால் காணி நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு. எஸ்டேட் வரி கட்டி வரித்துறைச் சான்றிதழ் வாங்காமல் பதிவகத்தில் பத்திரம் வாரிசுகள் பேருக்கு மாறாது. நம் ஊரில் பட்டா மாறாமல் மூன்று தலைமுறை இழுத்துக்கொண்டிருக்குமே, அந்தக் கதைதான். கூடவே வருடா வருடம் ஏறும் வட்டி. நிலத்தை விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. (நம் நாட்டில் எஸ்டேட் வரி 1985-இலேயே ஒழிந்துவிட்டதால் பல வாசகர்களுக்கு இந்தத் தலைவலி புரியாமல் போகலாம்.) மன்னிப்பு என்று பெயர் வைத்தாலும், வராத பணத்தில் கொஞ்சமாவது வரட்டும் என்று அரசு போட்ட பேரம் இது. அந்தப் பேரத்துக்கு வருபவர் வசூலுக்குப் பயப்படுபவர். மார்கோஸ் குடும்பத்தை மன்னிப்பிலிருந்து விலக்கியது சட்டத்தின் கெட்டிக்காரத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசூலே நடக்காத இடத்தில் அந்த விலக்கால் அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று யோசித்தால் எனக்கு விடை கிடைக்கவில்லை.

மற்ற கேள்விகள்.

அந்த 20,000 கோடி பெசோ வழக்கு 2019-இல் தள்ளுபடி ஆயிற்றே? அது வேறு. அது சொத்து மீட்பு வழக்கு. அரசு தாக்கல் செய்த ஆவணங்களில் பெரும்பாலானவை ஜெராக்ஸ் பிரதிகள் என்பதால் ஊழல் தடுப்பு நீதிமன்றமான சாண்டிகன்பயன் ஏற்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் நடத்திய வழக்கில் அசல் வைத்திருக்கவில்லை என்பதைத் தனியாக விசாரிக்கலாம். வரி பாக்கியை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

சுவிஸ் பணம்? வந்துவிட்டது. மார்கோஸ் தம்பதியின் இருபதாண்டுச் சட்டபூர்வ வருமானம் 3,04,372 டாலர், சுவிஸ் கணக்குகளில் இருந்தது 65.8 கோடி டாலர். 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை அரசுடைமையாக்கியது.

பெரிய மார்கோஸின் ராணுவச் சட்டக் காலத்தில் சித்திரவதைப்பட்டவர்களுக்கு? அந்தச் சுவிஸ் பணத்திலிருந்து 1,000 கோடி பெசோ ஒதுக்கினார்கள். 11,103 பேர் அங்கீகரிக்கப்பட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெரிய மார்கோஸை வீரர்கள் மயானத்திலா புதைத்தார்கள்? ஆம், 2016 நவம்பர் 18, முன்கூட்டி அறிவிக்காமல். உச்ச நீதிமன்றம் 9-5 என்று அனுமதித்த பத்தாம் நாள். அன்று மாலையே மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்.

இமெல்டா சிறைக்குப் போனாரா? 2018-இல் ஏழு ஊழல் குற்றச்சாட்டுகளில் தண்டனை, ஜாமீன், மேல்முறையீடு. 2025 ஜூனில் அவர் வயது 95.

என் தங்கை கணவர் பிலிப்பினோ, அவள் மாமனார் நிலம் இருக்கிறது, திட்டம் எங்களுக்குப் பொருந்தியிருக்குமா? மாமனார் இறந்தது 2022 மே 31-க்குள் என்றால் பொருந்தியிருக்கும். வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்க முடியாது, வாரிசுரிமையில் வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்சத் தொகை 5,000 பெசோவாக இருந்தது.