இழுவை வண்டியின் இணைப்பாணி: பேணும் முறையும் மாற்றும் காலமும்

வண்டியில் மாடு பூட்டுமுன் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பது நம் உழவர்களின் பழைய வழக்கம். சக்கரம் கழன்றோடாமல் காப்பது அச்சிறு இரும்பே என்பதைச் சிறுவரும் அறிந்திருந்தனர். இன்று கட்டை வண்டியின் இடத்தை டிராக்டரும் அதன் பின்னே செல்லும் டிரெய்லரும் பிடித்துக்கொண்டன. ஆனால் தொட்டுப் பார்க்கும் அந்த வழக்கம் மட்டும் அவற்றுடன் வந்து சேரவில்லை. எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவதற்கும் டயர் வாங்குவதற்கும் ஆயிரக் கணக்கில் செலவிடும் விவசாயி, டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஆணிக்குச் சில நூறு ரூபாய் செலவிடத் தயங்குவதை நாம் பல இடங்களிலும் கண்டு வருகிறோம். அவ்வாணியைப் பற்றியும், அதனைச் சார்ந்த கொக்கி, வளையம், காப்புச் சங்கிலி ஆகியவை பற்றியும் இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

நமது ஏரியூர் வட்டாரத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பென்னாகரத்துக் குன்றுகளுக்கும், 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீர்ப்பரப்புக்கும் இடைப்பட்ட மேடுபள்ளமான நிலம் இது. நாகமரை போன்ற கரையோர ஊர்களுக்குச் செல்லும் சாலைகள் ஆற்றை நோக்கி இறங்குகின்றன, திரும்பும்போது ஏறுகின்றன. மரவள்ளிக் கிழங்கும் நிலக்கடலையும் எருவும் செங்கல்லும் தண்ணீர்த் தொட்டியும் இச்சரிவுகளில்தான் ஏறி இறங்குகின்றன. சமவெளியில் பல்லாண்டு உழைக்கும் ஆணி இங்கே விரைவில் தேய்ந்துவிடும்.

டிராக்டரின் பின்புறத்தில், பின் அச்சுக் கூட்டின் அடியில் பெரிய போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருப்பது கொக்கி. மேலும் கீழுமாக இரண்டு தகடுகள், அவற்றில் நேருக்கு நேர் துளைகள். டிரெய்லரின் முன்புறம் ஏர்க்கால் போல நீண்டிருக்கும் இரும்புச் சட்டத்தின் முனையில் ஒரு வளையம். வளையத்தைத் தகடுகளுக்கு இடையே நுழைத்து, மேலிருந்து ஆணியைச் செருகி, கீழே அது நழுவாதபடி ஒரு கிளிப்பை மாட்டுகிறோம். ஆணியை மேலிருந்துதான் செருக வேண்டும். கீழிருந்து செருகினால் கிளிப் விழுந்த மறுகணமே ஆணியும் விழும். மேலிருந்து செருகினால் கிளிப் விழுந்தாலும் ஆணியின் தலை தகட்டில் தங்கி நிற்கும். பல டிரெய்லர்களில் கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியையோ வளைத்த ஆணியையோ காண்கிறோம். மேடுபள்ளத்தில் அது எப்போது அறுந்தது என்பது ஓட்டுபவருக்கே தெரியாது.

ஆணிக்கு வேலை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சுமையோடு 5 டன் எடையுள்ள டிரெய்லர், 10 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் செல்கிறது என்று கொள்வோம். அதனைப் பின்னோக்கி இழுக்கும் விசை மட்டும் சுமார் 500 கிலோ எடைக்குச் சமம். சக்கரங்களின் உராய்வு இதற்கு மேல். இந்த விசை சீராக இருக்குமாயின் நல்ல ஆணிக்கு இது பெரும் பாரமன்று. தொல்லை உதறலில் இருக்கிறது. எடையை மெல்ல வைப்பதைவிடத் திடீரென விடுவது ஓர் இரும்பை இருமடங்கு வருத்தும் என்பது பொறியியலின் தொடக்கப் பாடம். ஆணிக்கும் துளைக்கும் இடையே இடைவெளி விழுந்துவிட்டால் இருமடங்கோடும் நிற்பதில்லை. ஒவ்வொரு முறை கிளச்சை விடும்போதும், பிரேக்கை மிதிக்கும்போதும், பள்ளத்தில் இறங்கும்போதும் டிரெய்லர் ஒரு சம்மட்டியாகி ஆணியை அடிக்கிறது. அடியால் துளை பெரிதாகிறது. துளை பெரிதானதால் அடி வலுக்கிறது. டிராக்டர் புறப்படும்போது பின்னாலிருந்து ‘டங்’ என்று கேட்கும் ஓசை இதுதான். அந்த ஓசை பழகிவிட்டது என்று சொல்லும் ஓட்டுநரிடம் வண்டியை ஒப்படைக்கலாகாது.

ஆணி தொலைந்தால் கட்டடக் கம்பித் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டு புறப்படுவது நம் பக்கத்தில் சாதாரணம். கம்பி தடிமனாகத்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். தடிமன் மட்டும் போதாது. அக்கம்பியின் மேல் வரிவரியாகப் புடைப்புகள் உண்டு. சிமெண்டுக் கலவை பற்றிக்கொள்வதற்காக அமைந்தவை அவை. துளையினுள் அப்புடைப்புகள் மட்டுமே சுமையைத் தாங்கும். அவை நசுங்கியதும் கம்பி ஆடத் தொடங்கும். தலை கிடையாது, கிளிப் மாட்டத் துளையும் கிடையாது. ஆடும் கம்பி வளைகிறது, வளைந்தது நழுவுகிறது. டிராக்டர் நிறுவனம் விற்கும் ஆணியை வாங்குவதே நன்று. கிடைக்காவிடில், லேத்துப் பட்டறைக்காரர்கள் இ.என். 8 என்று வழங்கும் நடுத்தரக் கரிம எஃகில், துளைக்குச் சரியாகப் பொருந்துமாறு தலையும் கிளிப் துளையும் வைத்துக் கடைந்து வாங்கலாம்.

ஆணியை எப்போது மாற்றுவது? கழற்றித் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தலைக்குக் கீழே தகட்டுக்கு வெளியே நின்ற பகுதி தேய்ந்திராது. வளையம் உராய்ந்த நடுப்பகுதியில் பள்ளம் தெரியும். இரண்டையும் பட்டறையில் காலிப்பரால் அளந்து பார்க்கலாம். பளு இழுக்கும் கொண்டிகளில் பத்தில் ஒரு பங்கு தேய்வு என்பது கைவிட வேண்டிய எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அதாவது 30 மி.மீ. ஆணி 27 மி.மீ. ஆனதும் அதன் காலம் முடிந்தது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். அவ்வளவு தேய்வில் ஆணியின் குறுக்குப் பரப்பில் 19 சதவீதம் போய்விடுகிறது. வளைவைத் தாங்கும் வலிமையிலோ 27 சதவீதம் போய்விடுகிறது. ஆணி சிறிதளவு வளைந்திருப்பினும் அதனைச் சம்மட்டியால் நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை வளைந்த இரும்பு நிமிரும்போது உள்ளே வெடிப்புக் கொள்ளும்.

புதிய ஆணியைப் பழைய முட்டைத் துளையில் போட்டால் ஆறு மாதத்தில் அதுவும் தேயும். வட்டமாக இருக்க வேண்டிய துளை நீள்வட்டமாகிவிட்டதா என்று பார்த்து, பட்டறையில் பெரிதாக்கிக் கடைந்து, எஃகு புஷ் ஒன்றை இறுக்கி அடித்துக்கொள்ள வேண்டும். அல்லது வளையத்தையே மாற்ற வேண்டும். வெறுமனே வெல்டிங் வைத்துத் துளையை நிரப்புவது பார்வைக்குச் சரியாகத் தோன்றும். ஆயின் வெல்டிங்கின் ஓரத்தில் இரும்பு கெட்டிப்பட்டு நொறுங்கும் தன்மை அடைவதால், அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கும். வளையத்தைச் சட்டத்தோடு பற்றவைக்கும் வேலையை அனுபவமுள்ள வெல்டரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

வெடிப்பைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. வளையத்தையும், சட்டம் டிரெய்லரின் அடிச்சட்டத்தோடு சேரும் மூலைகளையும் மண்ணும் பசையும் போகக் கழுவி உலர்த்த வேண்டும். பின்பு மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் விட வேண்டும். அதை நன்றாகத் துடைத்தெடுத்து, சுண்ணக்கட்டிப் பொடியை மெல்லியதாகப் பூச வேண்டும். சுத்தியால் பக்கத்தில் இரண்டொரு தட்டுத் தட்டினால், வெடிப்பு இருக்குமிடத்தில் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெண்பொடியில் கறுத்த கோடாகத் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத பிளவையும் இது காட்டிக் கொடுக்கும். அறுவடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை செய்தால் போதும். சோதனை செய்யும்போது டிரெய்லர் தரையில் சாயாதபடி முட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எந்த இடத்தில் மாட்டுவது என்பதும் ஆணியின் தரத்துக்கு ஒப்பான விஷயமாகும். கலப்பை மாட்டுவதற்கான ஹைட்ராலிக் கைகளுக்கு நடுவே குறுக்காக வைக்கும் துளைப் பட்டையில் சாலையில் செல்லும் டிரெய்லரை மாட்டலாகாது. அக்கைகள் எழும், இறங்கும், பக்கவாட்டில் ஆடும். மேலேயுள்ள டாப் லிங்க் கொண்டியில் கயிறோ சங்கிலியோ கட்டிச் சேற்றில் சிக்கிய வண்டியை இழுப்பது அதைவிடக் கொடியது. இழுவிசை பின் அச்சுக்கு மேலே விழுமானால், டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுநரின் மேல் விழும். கிளச்சை மிதிக்க அவருக்கு நேரம் கிடைக்காது. 1917-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டர் கலப்பை பாறையில் மாட்டினால் இப்படிப் பின்னோக்கிக் கவிழ்வதற்குப் பேர்போனது. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்கூசன் இக்குறையை நீக்க முனைந்தே கலப்பையை மூன்று இடங்களில் பிணைக்கும் முறையை உருவாக்கினார்; அம்முறையுள்ள டிராக்டர் 1936-இல் விற்பனைக்கு வந்தது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்கள் வழியாக ஃபெர்கூசனின் பெயர் நம் ஊர்களிலும் பரவியது. கலப்பைக்காக ஏற்பட்ட அந்த அமைப்பை வேறு இழுவைக்குப் பயன்படுத்துவோர் அது எதைத் தடுப்பதற்காகத் தோன்றியதோ அதனையே வரவழைக்கின்றனர்.

சுமையை ஏற்றும் முறையும் கொக்கியைப் பாதிக்கும். இரு சக்கர டிரெய்லரில் பாரத்தின் நடு அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் சென்றால் வளையம் கொக்கியை மேல்நோக்கித் தூக்கும். டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். மிகவும் முன்னால் வந்தாலோ டிராக்டரின் முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டீயரிங் பேச்சைக் கேளாது. தண்ணீர் டேங்கரில் வேறொரு தொல்லை உண்டு. 5,000 லிட்டர் நீர் 5 டன். தொட்டியின் எடை தனி. முழுத் தொட்டியைவிட அரைத் தொட்டியே ஆணிக்குப் பகை. நீர் முன்னும் பின்னும் அலைந்து மோதும். உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லாத தொட்டியை வாங்க வேண்டாம் என்று ஊராட்சிகளுக்கு நாம் வற்புறுத்திச் சொல்வோம்.

இவ்வளவு செய்தும் ஆணி முறியலாம். அதற்காகவே காப்புச் சங்கிலி. டிரெய்லரின் முழு எடையையும் தாங்கும் சங்கிலியாக அது இருக்க வேண்டும். டிராக்டரில் அதே ஆணியில் மாட்டாமல் வேறோர் உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும். வளைவில் திரும்ப இடங்கொடுக்கும் அளவு தளர்வு இருக்கலாம். ஏர்க்கால் தரையில் குத்தும் அளவு தளர்வு கூடாது. மேலை நாடுகளில், வீடு போன்ற வசதிகளுள்ள பெரிய மோட்டார் வண்டியில் பயணம் செய்வோர், அதன் பின்னே தம் காரை இரும்புச் சட்டத்தால் பிணைத்து இழுத்துச் செல்வர். நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அவர்களும் சட்டத்தின் ஆணிகளையும் புஷ்களையும் தேய்வு பார்த்து மாற்றுகின்றனர், சங்கிலியும் பூட்டுகின்றனர், இணைப்பு அறுந்தால் பின்வண்டியின் பிரேக்கு தானே விழும்படி ஒரு விசையும் வைக்கின்றனர். நம் டிரெய்லர்களிற் பலவற்றிற்குப் பிரேக்கே இல்லாத நிலையில், சங்கிலியும் இல்லாமற் செல்வது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

பிரேக்கில்லாத டிரெய்லர் இறக்கத்தில் டிராக்டரைத் தள்ளும். மாட்டின் கழுத்தில் வண்டி வந்து ஏறுவதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். சாலைக்கு வருமுன் இடது வலது பிரேக்கு மிதிகளைச் சேர்க்கும் தாழைப் போட வேண்டும். ஒரு மிதி மட்டும் அழுந்தினால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்ப, டிரெய்லர் அதனைக் குறுக்கே மடக்கிவிடும்.

ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரைக்கும், முகூர்த்த நாளில் மணவீட்டுக்கும், களையெடுப்புக்குத் தோட்டத்துக்கும் டிரெய்லரில் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்வது இன்னும் நின்றபாடில்லை. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோவிலுக்குச் சென்று திரும்பியவர்களின் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும். சரக்குக்கென அமைந்த அதில் ஆள் ஏற்றுவது சட்டத்துக்கு மாறானது. விபத்து நேரின் இழப்பீடு கோருவதிலும் சிக்கல் எழும். ஆணிக்கு நேர் மேலே ஏர்க்காலில் உட்கார்ந்து செல்லும் கூலியாட்களை நாம் வழியில் நிறுத்தி இறக்கியதுண்டு. அவர்கள் மறு வளைவில் மீண்டும் ஏறியிருப்பர் என்பதையும் அறிவோம். ஆகவே தடுக்க வேண்டியவர் வண்டிக்குச் சொந்தக்காரரே.

ஊராட்சி உறுப்பினர்கள் தம் எல்லைக்குள் ஒன்று செய்யலாம். ஊராட்சி வேலைக்கு மண், ஜல்லி, தண்ணீர் கொண்டுவரும் டிராக்டரை வேலைக்கு அமர்த்துமுன், ஆணியைக் கழற்றிக் காட்டும்படி கேட்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. தேய்ந்திருந்தால் மாற்றி வரச் சொல்லலாம்; சங்கிலியும், பின்புறம் சிவப்பு விளக்கும் ஒளிர்பட்டையும் இல்லாத டிரெய்லரைத் திருப்பி அனுப்பலாம். இதனால் வேலை ஒருநாள் தாமதமாகுமே என்று சிலர் குறைகூறுவர், கூறட்டும்.

மாதம் ஒருமுறை பழைய பசையைத் துடைத்தெடுத்த பின்னரே புதிய கிரீஸ் இட வேண்டும். மண் கலந்த பசை அரம் போல் உராயும். கொக்கியை அச்சுக் கூட்டில் பிணைக்கும் போல்ட்டுகளை அப்போதே ஸ்பேனரால் இறுக்கிப் பார்க்கலாம். மாற்று ஆணி ஒன்றும் கிளிப் இரண்டும் கருவிப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். கழற்றிய தேய்ந்த ஆணியை மட்டும் அப்பெட்டியில் போட வேண்டாம். அவசரத்தில் கைக்கு முதலில் அகப்படுவது அதுவாகவே இருக்கும். பட்டறையிலேயே அதை இரண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும்.