பிரபஞ்சப் பொழி உடையுமா?

நாஞ்சில் நாட்டுக் கடற்கரையில் ‘பொழி’ என்று ஒரு சொல் வழங்குகிறது. ஆறோ ஓடையோ கடலோடு கலக்கும் வாயிலுக்கு அந்தப் பெயர். ராஜாக்கமங்கலம் பக்கம் போனால் நீங்களே பார்க்கலாம். அலைகள் மணலைக் குவித்து வாயை அடைத்துவிட்டால், உள்ளே தண்ணீர் கடல்மட்டத்தைவிடச் சற்று உயரத்தில், பரம சாந்தமாகத் தேங்கி நிற்கும். அந்தச் சாந்தத்தை நம்பக்கூடாது! மணல்மேடு ஒரு முழம் உடைந்தால் போதும். அத்தனை தண்ணீரும் கடலுக்குப் பாய்ந்துவிடும்.

நாம் வாழும் பிரபஞ்சமே இப்படிப்பட்ட பொழித் தண்ணீராக இருக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால், விஞ்ஞானிகள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வெற்றிடம் என்றால் ஒன்றுமில்லாத இடம் என்றுதானே நினைக்கிறோம்? அந்த வெற்றிடத்துக்கும் ஒரு சக்தி மட்டம் உண்டாம். அதைவிடத் தாழ்ந்த மட்டம் வேறொன்று இருந்தால், நம்முடையது ‘போலி வெற்றிடம்’. அமெரிக்க விஞ்ஞானி சிட்னி கோல்மன் 1977-ல் இதற்குக் கணக்குப் போட்டார். எங்கோ ஓரிடத்தில் அணுவினும் சிறிய குமிழி ஒன்று தோன்றும். அது ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் விரியும். அது தொட்ட இடத்தில் அணுக்களின் விதிகளே மாறிவிடும். முன்னெச்சரிக்கைக்கும் வழியில்லை. செய்தி சொல்ல வேண்டிய ஒளியோடு கூடவே குமிழியும் வந்து நிற்குமே!

சரி, நடுவில் மேடு இருக்கும்போது அதை ஏறித் தாண்டாமல் மறுபக்கம் போவது எப்படி? இதற்குச் சாட்சி அதே கடற்கரையில் இருக்கிறது. ராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே, மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் கலந்திருக்கிறது. அதில் தோரியம் உண்டு. தோரிய அணுவின் கருவிலிருந்து ஆல்பா துகள் வெளியே வர ஒரு சக்தி மதில் குறுக்கே நிற்கிறது. ஏறிக் குதிக்கத் துகளுக்குத் திராணி இல்லை. ஆனாலும் மதிலை ஊடுருவி வந்துவிடுகிறது! ஜார்ஜ் காமோவ் 1928-ல் இந்த விந்தையை விளக்கினார். எந்த அணு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தோரியத்தில் பாதி சிதைய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும் என்று சொல்ல முடியும். கோல்மனின் குமிழியும் இதே வழியில்தான் பிறக்கிறது.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். நீளம், அகலம், உயரம், காலம் என்று நாம் அறிந்த பரிமாணங்கள் நான்கு. இழைக் கொள்கைக்கோ பத்து வேண்டும். மீதி ஆறு எங்கே? சுருட்டி வைத்த பாயைப் போல, கண்ணுக்கு எட்டாத அளவில் சுருண்டிருக்கின்றனவாம். அவை விரிந்துவிடாமல் கட்டி வைப்பது எப்படி? மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் சந்தீப் திரிவேதி, கச்ரு, கல்லோஷ், லிண்டே ஆகியோருடன் சேர்ந்து 2003-ல் ஒரு வழி காட்டினார். ஆனால் அந்தக் கட்டும் நிரந்தரமல்ல. என்றோ ஒரு நாள் அவிழ்ந்து, பாய் தானே விரிந்துவிடும் என்று அவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள்.

2012-ல் ஜெனீவா அருகே கண்டுபிடிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளின் எடையும் சந்தேகத்தை வளர்க்கிறது. இன்று அறிந்த விதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால், நம் வெற்றிடம் போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2024-ல் இத்தாலியின் டிரெண்டோ நகர ஆராய்ச்சியாளர்கள், கடுங்குளிரில் வைத்த சோடியம் அணுக்களில் இத்தகைய குமிழி பிறப்பதைக் கண்டும் விட்டார்கள். அது ஆய்வுக்கூடத்துக் குமிழி. அணுக்கூட்டத்தைத் தாண்டி வராது.

பயப்படுகிறீர்களா? வேண்டாம். பிரபஞ்சத்துக்கு இதுவரை ஆன வயது 1,380 கோடி ஆண்டு. ஹிக்ஸ் கணக்குப்படி பொழி உடைய ஆகும் காலமோ, ஒன்றுக்குப் பின் நூறு சைபருக்கும் மேல் போட வேண்டிய ஆண்டுகள்! ஆகவே, ராஜாக்கமங்கலத்தார் இந்த ஐப்பசியில் கவனிக்க வேண்டியது தங்கள் ஊர்ப் பொழியைத்தான். அடை மழை பிடித்தால், அதற்கு நூறு சைபர் தேவைப்படாது.