துறைமுகமும் தொழிற்பெயரும்

உலகத்தில் வேண்டுவோர் பலராகவும், வேண்டப்படும் பொருள் சிலவாகவும் இருத்தல் இயல்பு. ஒரு தறியில் இருவர் ஒரே பொழுதில் நெய்தல் கூடாது. ஓர் ஆசிரியர் ஒரே மணியில் இரண்டு அறைகளில் நின்று பாடஞ் சொல்லுதலும் கூடாது. ஆகவே எப்பொருளை, எவர்க்கு, எப்பொழுது, எவ்வளவு நேரம் கொடுப்பது என்னும் வினா எவ்விடத்தும் எழுகின்றது. இவ்வினாவைக் கணிப்பொறிக்கு விளங்குமாறு எழுதிக் காட்டுவது எங்ஙனம் என்பதனையே ஈண்டு ஒருசிறிது ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். இவ்வேலையின் கடினமான பாதி கணக்கன்று, பெயரிடுதலே என்பது எம் துணிபு. பெயரிடுதல் இலக்கணத்தின் பாற்பட்டது.

சான்றாக ஒரு சிறு துறைமுகத்தைக் கொள்வாம். அதில் கப்பல் கட்டுதற்குரிய தளங்கள் இரண்டு. கப்பலை உள்ளே கொணரவும் வெளியே விடவும் உதவும் இழுவைப் படகுகள் இரண்டு. வருகின்ற கப்பலுக்கு ஒரு தளமும் இரண்டு இழுவைப் படகுகளும் வேண்டும். கட்டியபின் படகுகள் விடுபடும். சரக்கிறக்குதல் முடிந்து புறப்படும்பொழுது ஒரு படகு போதும். கப்பல் வெளியேறியதும் அப்படகும் தளமும் ஒருங்கே விடுபடும். இவ்வளவே செய்தி. ஆயினும் இடங்கிடையாமல் புறக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் ஒவ்வொரு நாளும் மாலுமிகளின் கூலியும், எரிபொருளும், தாமதக் கட்டணமும் ஏறுகின்றன. பழமும் மீனும் ஏற்றி வந்த கப்பலாயின் சரக்கே அழிந்துபோம்.

இத்துறைமுகத்தைப் பழைய முறையில் நிரலாக எழுதப் புகுந்தோர், கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி நீண்டதொரு பட்டியல் செய்தனர். தளங்கள் ஓர் அட்டவணையிலும், படகுகள் வேறோர் அட்டவணையிலும் எண்களாகக் கிடந்தன. நிரலின் எப்பகுதியும் எவ்வெண்ணையும் மாற்றலாம். ஓரிடத்தில் தளம் ஒழிந்ததாகக் குறித்துவிட்டு மற்றோரிடத்தில் படகை விடுவிக்க மறந்தால், பிழை எங்குள்ளது என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகவே முடியும். கப்பல் என்ற ஒன்று உலகில் உண்டு; அந்நிரலிலோ அதற்கு ஓரிடமும் இல்லை. அதன் கதை நூறு துண்டாகச் சிதறிக் கிடந்தது.

இக்குறையைத் தீர்த்தவர் நார்வே நாட்டினர் இருவர். ஆஸ்லோ நகரத்து நார்வே கணிப்பு நிலையத்தில் பணிபுரிந்த கிறிஸ்டன் நிகார்ட், ஓலே யோகான் டால் என்பார், வரிசைகளும் காத்திருப்புகளும் நிறைந்த அமைப்புகளைக் கணிப்பொறியில் நடித்துக் காட்டுதற்கென்று 1962-ஆம் ஆண்டு முதல் ஒரு மொழியை ஆக்கத் தொடங்கினர். அதற்குச் சிமுலா என்று பெயர். அவர்கள் முதலிற் கருதியது, தொழில் செய்யும் நிலையங்கள் சிலவும், அவற்றினூடே தாமாக ஒன்றுஞ் செய்யாது செல்லும் வாடிக்கையாளர் பலரும் என்னும் இரு கூறான அமைப்பு. துறைமுகத்திற்கு இதனைப் பொருத்தினால் தளமே வினைமுதல், கப்பல் வெறுஞ் செயப்படுபொருள் என்றாகும். கப்பலே வினைமுதலாகித் தளத்தைக் கேட்டுப் பெறுகின்றது என்று சொல்லினும் அதே செய்தி பிறழாது அமைகின்றதன்றோ? எழுவாயை மாற்றிச் சொல்லும் உரிமை பேசுவோனுடையது. அவ்விருவரும் இவ்வேற்றுமையை 1964-இல் கைவிட்டு, எல்லாவற்றையும் தத்தம் வரலாற்றைத் தாமே உடையனவாகிய ஒரே வகைப் பொருள்களாகக் கொண்டனர். எம் மதிப்பில், பின்வந்தவை யாவும் இம்மாற்றத்தின் கிளைகளே. 1967-இல் வெளிவந்த இரண்டாஞ் சிமுலாவினின்று ஊக்கம் பெற்றனவே ஸ்மால்டாக், சி பிளஸ் பிளஸ் முதலியன; ஜாவாவும் பைதானும் அவ்வழிப்பட்டன. டால், நிகார்ட் இருவர்க்கும் 2001-ஆம் ஆண்டிற்குரிய டூரிங் பரிசு அளிக்கப்பெற்றது; அடுத்த ஆண்டிலேயே இருவரும் காலமாயினர்.

இனி, பொருள்நோக்கு நிரலாக்கம் எனப்படும் இம்முறையில் துறைமுகத்தை எழுதுவோன் முதற்கண் செய்யவேண்டுவது, எவை எவை பொருள்கள் என்று துணிதல். இதற்கு ஆங்கில நூல்கள் பல, சிக்கலை உரைநடையில் எழுதி அதிலுள்ள பெயர்ச்சொற்களை அடிக்கோடிடுக என்று வழி கூறுகின்றன. அவ்வறிவுரை நன்றே, ஆனால் எல்லாப் பெயரும் ஒரு தன்மையன அல்ல என்பதனை அது சொல்லாமல் விடுகின்றது. நன்னூலுடையார் பெயரைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுத்தமை நம் மாணவர் அறிந்ததே. பவணந்தியார் கணிப்பொறியை முன்னரே கண்டார் என்று பெருமை பேசுவாருடன் யாம் சேரோம். ஆனால் அவர் வகுத்த பகுப்பு இவ்வேலைக்குக் கைக்கருவியாக உதவுகின்றது என்பதனை ஒருமுறை கையாண்டு பார்ப்போர் ஒப்புவர். கப்பலும் இழுவைப் படகும் பொருட்பெயர். தளம் இடப்பெயர். வருநேரம், புறப்படுநேரம் என்பன காலத்தைப் பற்றியன. தளத்தின்மேல் நிற்கும் பளுதூக்கி அத்தளத்தின் சினை. கப்பலின் நீளமும், அது நீரில் அமிழும் ஆழமும் குணம். குணப்பெயரைத் தனிப்பொருளாக எழுதவேண்டுவதில்லை. அஃது உரிய பொருளினுள் அடங்கிநிற்பதே முறை. சினைப்பெயரோ முதலுக்குள் அமைந்த மற்றொரு பொருள். கப்பல் என்னும் பொதுப்பெயரைப் பாடநூல்கள் இனக்குழு என்கின்றன; இன்று விடியலில் வந்து நிற்கும் அந்த ஒரு கப்பலே பொருள்.

எஞ்சியது தொழிற்பெயர். தொடக்கநிலை மாணாக்கர் பெரும்பாலும் வழுக்குவது இவ்விடத்தேயாம். கப்பலும் தளமும் கண்ணுக்குத் தெரிவன. ஆதலின் அவற்றை எழுதிவிடுவர். முதற்கப்பல் முதல் தளத்தில் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை நிற்கும் என்னுஞ் செய்தியை எங்கே வைப்பது? கப்பலினுள் வைத்தால் தளம் அதனை அறியாது. தளத்தினுள் வைத்தால் கப்பல் அறியாது. இரண்டிலும் எழுதினால், ஒன்றைத் திருத்தி மற்றதை மறக்கும் நாளில் இரண்டும் முரண்படும். ஒதுக்குதல் என்னும் வினையையே பெயராக்கி, ஒதுக்கீடு என ஒரு தனிப்பொருள் செய்தலே இதற்கு வழி. ('இடு' என்னும் முதனிலை 'ஈடு' எனத் திரிந்து நிற்கும் அழகையும் காண்க.) ஓர் ஒதுக்கீட்டினுள் இன்ன கப்பல், இன்ன தளம், தொடக்கம், முடிவு என்னும் நான்கும் அடங்கும். அதனை நீட்டலாம், நீக்கலாம், வேறு தளத்திற்கு மாற்றலாம். கண்ணாற் காணவியலாத ஒன்றைக் கப்பலுக்கு நிகரான பொருளாக மதித்தல் முதலிற் கூச்சந் தருவதே. ஆனால் கால அட்டவணை என்பது ஒதுக்கீடுகளின் தொகுதியன்றி வேறில்லை.

ஒதுக்கீடு பொருளானவுடன், இரண்டு ஒதுக்கீடுகள் மோதுகின்றனவா என்று அறிதல் எளிதாகின்றது. ஒரே தளத்துக்குரிய இரண்டனுள், முதலாவது தொடங்கும் நேரம் இரண்டாவது முடியும் நேரத்திற்கு முந்தியதாயும், இரண்டாவது தொடங்கும் நேரம் முதலாவது முடியும் நேரத்திற்கு முந்தியதாயும் இருப்பின் அவை மோதும், இன்றேல் மோதா. மாலை 6 மணிக்கு ஒன்று முடிய, அதே 6 மணிக்கு மற்றொன்று தொடங்கினால் மோதல் இல்லை. இச்சோதனையைச் செய்யும் பொறுப்பு தளத்தினுடையது. 'இந்நேரம் இடமுண்டோ?' என்று கப்பல் கேட்கலாம். தளத்தின் ஏட்டைப் பிரித்துத் தானே எழுதிக்கொள்ளல் ஆகாது. விதி ஒரே இடத்தில் வாழ்வதால், நாளை ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் இடையே 1 மணி நேரம் தளத்தைத் துப்புரவு செய்யவேண்டுமென்று ஆணை பிறந்தாலும் திருத்தவேண்டிய வரி ஒன்றே.

இனி, இம்முறையின் பயனை மிகத் தெளிவாகக் காட்டும் ஓரிடர் உண்டு. இரண்டு தளத்திலும் கப்பல் நிற்கின்றது என்க. மூன்றாவது கப்பல் வந்து, முதலில் இரண்டு இழுவைப் படகுகளையும் பற்றிக்கொண்டு தளத்திற்காகக் காத்திருக்கின்றது. முதற்கப்பல் சரக்கிறக்கி முடித்தது, புறப்பட ஒரு படகு வேண்டும், படகில்லை. இரண்டாவதற்கும் அதே நிலை. மூன்றாவது, தளம் ஒழியாமல் படகை விடாது. மற்றவை, படகு கிடையாமல் தளத்தை விடா. கடல் அமைதியாய் இருக்கின்றது, எவரும் பிழைசெய்திலர், துறைமுகம் மட்டும் என்றென்றைக்குமாக நின்றுவிட்டது. இதனை 1965-இல் டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா சாவுத் தழுவல் என்னும் பொருள்படப் பெயரிட்டு ஆராய்ந்தார்.

தளத்தை முதலிற் பெறுக, படகைப் பின்னர்க் கேட்க என்று வரிசையை மாற்றின் இது தீருமோ? பாதி தீரும். தளம் பெற்ற இரண்டு கப்பல்கள் ஆளுக்கொரு படகைப் பற்றிக்கொண்டு இரண்டாம் படகிற்கு ஒன்றையொன்று நோக்கி நின்றால் மீண்டும் அதே தழுவல்தான். ஆகவே இரண்டு படகையும் ஒருங்கே பெறுக, இன்றேல் ஒன்றையும் பற்றாதே என்னும் இரண்டாம் விதியும் வேண்டும். இவ்விரு விதியும் நிற்குமாயின், படகு வைத்திருக்கும் எக்கப்பலும் தனக்குரிய தளத்தையும் முன்னரே உடையதாகும். அதற்கு வேறொன்றும் வேண்டுவதில்லை. ஆதலின் அது தன் வேலையை முடித்துப் படகை விட்டே தீரும். முட்டுக்கு இடமில்லை. கப்பலின் வரலாறு வருதல், தளம் வேண்டல், படகு வேண்டல், கட்டுதல், இறக்குதல், புறப்படுதல் என ஒரே கதையாக ஓரிடத்தில் எழுதப்பட்டிருப்பதாலேயே இப்பிழையைப் படித்த மாத்திரத்தில் காணமுடிகின்றது. சிதறிய பட்டியலில் இதனைக் கண்டிருப்போம் என்று யாம் சொல்லத் துணியோம்.

இனங்களைப் பற்றியும் ஒருவார்த்தை. சிமுலாவை ஆக்கியோர், பாலத்துச் சுங்கச்சாவடி ஒன்றில் வரிசையாய் நிற்கும் சரக்கு வண்டிகளையும் பேருந்துகளையும் எழுத முயன்றபோது, இரண்டிற்கும் பொதுவானதை ஒருமுறையே எழுதி, வேறானதை மட்டும் பின்னர்ச் சேர்த்தல் கூடாதோ என்று எண்ணினர். மரபுரிமம் என்று இன்று வழங்குவது அங்ஙனம் பிறந்தது. எண்ணெய்க் கப்பலும் பயணிகள் கப்பலும் கப்பலின் வகையே. ஆதலின் கப்பலுக்குரியன யாவும் அவற்றிற்கும் உரியன. ஆனால் இதனை அளவின்றிக் கையாள்வோர் மலிந்துவிட்டனர். துறைமுகத்தில் வரிசையொன்று இருப்பதால் துறைமுகத்தையே வரிசையின் வகையாக எழுதுவாரைக் கண்டிருக்கின்றோம். முதலுக்குச் சினை உண்டு என்பது வேறு. முதல் சினையின் இனம் என்பது வேறு. கை மனிதனுடையது என்பதனால் மனிதன் ஒருவகைக் கை ஆகான்.

பொருள்களெல்லாம் செவ்வனே அமைந்த பின்னும், பல கப்பல்கள் காத்திருக்க எதனை முதலில் அழைப்பது என்னும் வினா எஞ்சிநிற்கின்றது. ஒரு தளத்திற்கு 10 கப்பல்கள் காத்திருப்பின் அவற்றை அழைக்கும் வரிசைகள் 36,28,800. 15 கப்பல்களாயின் ஏறக்குறைய 1,30,767 கோடி. எல்லாவற்றையும் ஆராய்ந்து தேர்தல் அரிது. ஆதலின் ஏதேனும் ஒரு விதியைக் கொள்வர். முந்தி வந்ததற்கு முந்தி என்பது ஒரு விதி. 10, 4, 1 மணி நேர வேலையுடைய மூன்று கப்பல்கள் சற்று முன்பின்னாக அம்முறையே வந்தன என்க. வந்த முறையில் அழைத்தால் காத்திருப்பு 0, 10, 14 மணியாக மொத்தம் 24. சிறிய வேலை முதலில் என்று அழைத்தால் 0, 1, 5 மணியாக மொத்தம் 6. கணக்கு மட்டும் பார்ப்போர் இரண்டாவதனையே சிறந்ததென்பர். ஆனால் சிறு கப்பல்கள் ஓயாது வந்துகொண்டிருக்குமாயின், 10 மணி நேர வேலையுடைய அப்பெரிய கப்பலின் முறை ஒருநாளும் வாராது. மொத்தத்தில் குறைந்த துன்பம் ஒருவர் தலையில் முழுவதுமாக விழுகின்றது. இதனை எந்த எண்ணும் காட்டிக்கொடாது; யார் காத்திருக்கின்றார் என்று நோக்குவோனே காண்பான்.

இதனாலேயே, தேர்ந்தெடுக்கும் விதியைத் தளத்தினுள்ளும் கப்பலினுள்ளும் புதைத்துவிடாமல், அதனையும் தேர்வுமுறை என ஒரு தனிப்பொருளாக நிறுத்துதல் நன்று. துறைமுகம் அதனிடம் 'அடுத்தது எது?' என்று மட்டும் கேட்கும். அதன் உள்ளே எவ்விதி இருப்பினும் பிற பொருள்களுக்குக் கவலையில்லை. ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்து, அதே நாளின் வருகையை மீண்டும் நடித்துப் பார்க்கலாம். பலரும் கையாளும் இடைவழி ஒன்றுண்டு. வேலை நேரத்தினின்று காத்திருந்த நேரத்தில் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியது குறைந்ததனை முதலில் அழைப்பர். அரைப்பங்கு கழிப்பதாயின், 20 மணி காத்த பெரிய கப்பலுக்கு 10-இல் 10 கழிய எஞ்சுவது 0. அப்பொழுதே வந்த 1 மணி வேலைக் கப்பலுக்கு எஞ்சுவது 1. பெரிய கப்பல் உள்ளே வருகின்றது. கால்பங்கு என்று மாற்றினால் அது 36 மணி வரையில் வெளியே நிற்கும். அப்பங்கு எவ்வளவாதல் வேண்டும் என்பதனைத் துறைமுகத்தார் கூடித்தான் துணியவேண்டும்.