ஐமாக்ஸ் படம்: தியேட்டரில் பிரமிப்பு, மானிட்டரில் சலிப்பு ஏன்?

என் பெரியப்பா சமீபத்தில் கம்ப்யூட்டர் வாங்கினார். அமெரிக்காவில் இருக்கும் அக்கா, 'கிராண்ட் கேன்யன்: தி ஹிடன் சீக்ரெட்ஸ்' என்ற ஐமாக்ஸ் படத்தின் டிவிடியை அவருக்கு அனுப்பினார். தியேட்டரில் அதைப் பார்த்தபோது நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாராம். பெரியப்பாவோ பாதியிலேயே நிறுத்திவிட்டு, "டிவியில் வரும் சுற்றுலா நிகழ்ச்சி மாதிரிதானே இருக்கிறது?" என்றார். முழங்கால் வலியால் பயணம் போக முடியாத அப்பா, தான் பார்த்ததைப் பார்க்கட்டும் என்று அனுப்பிய அக்காவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். இருவரும் பார்த்தது ஒரே படம் அல்ல என்றே சொல்லலாம்.

முதலில் படத்தைப் பற்றி. 1984 ஆம் ஆண்டு வந்த இது 34 நிமிடம் ஓடும். கிராண்ட் கேன்யன் என்பது அரிசோனா மாநிலத்தில் கொலராடோ நதி அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். 1919 ல் தேசியப் பூங்கா ஆனது. பூங்காவின் தெற்கு வாசலுக்கு வெளியே உள்ள டுஸேயன் என்ற ஊரில் தியேட்டர் கட்டி, இந்தப் படத்தைப் பல ஆண்டுகள் ஓட்டினார்கள்.

சாதாரண சினிமா பிலிம் 35 மில்லிமீட்டர் அகலம். ஐமாக்ஸ் பிலிம் 70 மில்லிமீட்டர். அதுவும் மேலிருந்து கீழாக ஓடாமல் படுக்கைவாட்டில் ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு பிரேமும் சுமார் 70க்கு 48 மில்லிமீட்டர் இருக்கும். 35 மி.மீ. பிரேமைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான பரப்பு. விநாடிக்கு 24 பிரேம் என்று கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 100 மீட்டருக்கு மேல் பிலிம் வேண்டும். இந்த 34 நிமிடப் படத்துக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர்! இவ்வளவு விவரம் பதிவாவதால்தான் பல மாடி உயரத் திரையில் காட்டினாலும் பாறையின் கீறல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. இருக்கைகளும் திரைக்கு மிக அருகில், செங்குத்தான படிகளில் இருக்கும். திரையின் ஓரம் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி கேமரா பறக்கும்போது நாமே விழுவது போன்ற உணர்வு அதனால்தான் வருகிறது.

இப்போது டிவிடிக்கு வருவோம். அமெரிக்க டிவிடியில் ஒரு பிரேமுக்கு 720க்கு 480, அதாவது 3,45,600 பிக்ஸல்கள்தான். ப்ளூரேயில் 1920க்கு 1080. இது சரியாக ஆறு மடங்கு. பெரியப்பாவின் 24 இஞ்ச் மானிட்டரில் டிவிடியை ஓட்டினால் உள்ள பிக்ஸல்களை இழுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. பாறை வரிகள் களிமண் பூசியது போல ஆகிவிடும்.

இதைவிடப் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஐமாக்ஸ் பிலிம் படம் கிட்டத்தட்டச் சதுரமானது. அகலம் உயரத்தைப் போல் 1.43 மடங்கு. நம் மானிட்டர் 1.78 மடங்கு. படம் முழுத்திரையை அடைக்க வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பள்ளத்தாக்குப் படத்தில் ஆழத்தையே வெட்டினால் மிச்சம் என்ன? பழைய 4:3 மானிட்டர் இந்த விஷயத்தில் தேவலாம்.

எனவே பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டு டிஸ்க் வாங்குவதாக இருந்தால், அவர் குறை சொல்வது எதை என்று பாருங்கள். 1540 ல் வந்த ஸ்பானியர்கள், 1869 ல் படகுகளில் இறங்கிய ஜான் வெஸ்லி பவல் குழு என்று வரலாற்றை நடிகர்களை வைத்து எடுத்திருக்கிறார்கள். 'நாடகம் போல இருக்கிறது', 'பூங்காவைப் பற்றிய தகவல் போதாது', '34 நிமிடத்துக்கு இந்த விலையா' என்பவை எந்தத் திரையில் பார்த்தாலும் பொருந்தும் கருத்துகள். (நடிப்பு பற்றிய குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன்.) 'தலை சுற்றியது', 'காட்சி தெளிவில்லை' என்றால் எங்கே, எதில் பார்த்தீர்கள் என்று கேட்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

வீட்டில் ஓரளவாவது நன்றாகப் பார்க்க வழி இருக்கிறது. ப்ளூரே கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதற்குத் தனி டிரைவ் தேவை என்பதையும் மறக்க வேண்டாம். அட்டையில் ரீஜன் குறியைப் பார்ப்பது அவசியம். டிவிடிக்கு அமெரிக்கா 1, இந்தியா 5. ப்ளூரேக்கு அமெரிக்கா ஏ, இந்தியா சி. டிவிடி டிரைவில் ரீஜனைப் பொதுவாக ஐந்து முறைதான் மாற்ற முடியும். இப்போதைய விண்டோஸில் டிவிடி தானாக ஓடாது. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரைப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் 'ஏ' கீயை அழுத்தினால் படத்தின் அகல உயர விகிதம் மாறும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும், இழுத்து நிரப்பாதீர்கள்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, மானிட்டருக்கு இரண்டு அடி தூரத்தில் உட்காருங்கள். அந்தத் தூரத்தில் 24 இஞ்ச் மானிட்டர், பத்தடி தள்ளிப் பார்க்கும் 43 இஞ்ச் டிவியைவிடக் கண்ணுக்கு இரண்டு மடங்குக்கு மேல் அகலமாகத் தெரியும். டிவிடியாக இருந்தால் மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும்.