சில இணையதளங்கள் மட்டும் திறவாதது ஏன்?

இன்று சங்க அலுவலகத்திலும் அங்கத்தினர் இல்லங்களிலும் கணினி ஓர் அத்தியாவசியச் சாதனமாகிவிட்டது. ஆயினும் செய்தித் தளங்கள் தடையின்றித் திறக்க, வங்கித் தளமோ ஜி.எஸ்.டி. தளமோ மட்டும் திறக்க மறுக்கும் தொல்லையைப் பலரும் அறிவர். இதனை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கைப் பொதுவாக மறுமாதம் 20-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தல் வேண்டும். தவறினால், வரி செலுத்த வேண்டிய கணக்கிற்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டியும் சேரும். ஆகவே இதன் காரணங்களை முறையாக ஆராய்வோம்.

பேச்சிப்பாறை நீர் அனந்தனாற்றில் ஓடிக்கொண்டிருக்க, ஒரு வயல் மட்டும் காய்ந்தால் நாம் அணையைக் குறை கூறுவதில்லை, மடையைத்தான் பார்க்கிறோம். இங்கும் அம்முறையே ஏற்றது.

முதலாவதாக, கைப்பேசியில் வை-ஃபையை நிறுத்தி, அதன் சொந்த இணைப்பில் அத்தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அதிலும் திறக்காவிடில் கோளாறு பெரும்பாலும் தளத்திலேயே உள்ளது. கடைசி நாட்களில் கூட்டம் மிகுந்து தளங்கள் திணறுவதுண்டு. திறந்தால், அதே கைப்பேசியை வீட்டு வை-ஃபையில் இணைத்து மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் திறந்தால் குறை கணினியில். திறக்காவிடில் ரூட்டரிலோ இணைப்பு தரும் நிறுவனத்திலோ உள்ளது.

கணினியில் முதலில் கவனிக்க வேண்டியது தேதியும் நேரமும். பாதுகாப்பான ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அச்சான்றிதழ் குறிப்பிட்ட இரு தேதிகளுக்கு இடையே மட்டுமே செல்லும். கணினியின் தேதி பிசகியிருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். தேதியைத் திருத்தியும், மின்சாரத்தை நிறுத்தியபின் அது மீண்டும் பின்னோக்கிப் போகுமாயின், உள்ளே இருக்கும் சிறு பொத்தான் பேட்டரியை மாற்றினால் போதும்.

இரண்டாவது, பழமை. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி, எண்ணற்ற தளங்களின் சான்றிதழ்களுக்கு ஆதாரமாயிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாயிற்று. அன்று உலகெங்கும், புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பலவற்றில் சில தளங்கள் மட்டும் திறவாமல் போயின. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பொதுவாக அளித்துவந்த பாதுகாப்பு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. அத்தகைய கணினியில் பண விவகாரங்களை நடத்துவது உசிதமன்று.

மூன்றாவது, விலாசம் பற்றியது. தளத்தின் பெயரை எண் விலாசமாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டை 1983-இல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் வகுத்தார். கணினியோ ரூட்டரோ பழைய விலாசத்தை நினைவில் வைத்திருந்தால், தளம் இடம் மாறியபின் வழி தெரியாது. இரண்டையும் அணைத்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் இது தீரும். தீராவிடில், டி.என்.எஸ். அமைப்பில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற எண்ணை இட்டுப் பார்க்கலாம்.

நான்காவதாக, வி.பி.என். இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது நம்மை வெளிநாட்டிலிருப்பவர்போல் காட்டினால், நமது அரசுத் தளங்கள் சில இடம் தரா. தீய நிரல் புகுந்து, ஹோஸ்ட்ஸ் என்னும் கோப்பில் பொய் விலாசம் எழுதிவைப்பதும் உண்டு. ஐயமிருப்பின் ஆன்டிவைரஸ் சோதனை நடத்துதல் நலம்.

சில வேளைகளில் இணைப்பு தரும் நிறுவனமே தளத்தை அடைத்திருக்கும். திரைப்படத் திருட்டைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றம் 2012-இல் பிறப்பித்த ஆணையைக் கொண்டு, சில நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுவதுமாக அடைத்தன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே அடைக்க வேண்டுமென்று அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஓர் இணைப்பில் திறவாத தளம் வேறு நிறுவனத்தின் இணைப்பில் திறக்குமாயின், நமது நிறுவனத்திடம் முறையிடலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வங்கித் தளத்தில் சான்றிதழ் எச்சரிக்கை தோன்றினால், அதை மீறி உள்ளே செல்லலாகாது. கோளாறு தீர்ப்பதாகத் தொலைபேசியில் அழைப்போரிடம் கணினியை ஒப்படைப்பதோ, ஓ.டி.பி. சொல்வதோ கூடவே கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். சங்கக் காரியதரிசிகள் 20-ஆம் தேதி வரை காத்திராமல், 15-ஆம் தேதியே தளம் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்களாயின், கோளாறு நேர்ந்தாலும் சரிசெய்ய ஐந்து நாள் அவகாசம் இருக்கும்.