ஊசி இல்லாத சிரிஞ்சு

2023-ம் வருஷம் கோடை விடுமுறை. என் தங்கை மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக் கொண்டான். ஒன்பது வயசு. அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டில், காலில் எடை கட்டி, அசையாமல் படுக்க வைத்து விட்டார்கள். தங்கை வேலைக்குப் போகிறவள். பகல் முழுக்க நான்தான் துணை.

இரண்டு நாள் செல்போனைக் கொடுத்துச் சமாளித்தேன். மூன்றாம் நாள் அதுவும் சலித்து விட்டது. "பெரியம்மா, எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று ஓயாத நச்சரிப்பு.

கையில் இரண்டு காகிதக் கப்புகள் இருந்தன. அடியில் துளை போட்டு, நீளமான நூலால் இணைத்து, ஒன்றை அவனிடமும் மற்றொன்றைப் பக்கத்துக் கட்டில் பையனிடமும் கொடுத்தேன். நூல் விறைப்பாக இருந்தால் பேச்சு கேட்கும், தொய்ந்தால் கேட்காது. நடுவில் விரலால் பிடித்தாலும் நின்று விடும். நான் எதுவும் சொல்லித் தரவில்லை. அவர்களே கண்டுபிடித்து, "குரல் நூல்லதான் ஓடுது பெரியம்மா!" என்றார்கள். பேசும்போது கப்பின் அடி அதிர்கிறது, அந்த அதிர்வுதான் நூல் வழியே போகிறது என்பதைப் பிறகு சொன்னேன்.

எதிர்க் கட்டிலில் ஆறு வயசுச் சிறுமி ஒருத்தி. அம்மா சித்தாள் வேலை பார்ப்பவர். தினம் இரண்டு வேளை ஊசி. நர்ஸம்மாவின் தட்டுச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கொள்வாள். யாரோடும் பேச மாட்டாள்.

என் மகள் பள்ளியில் படித்தபோது ஓர் அறிவியல் முகாமில் கற்று வந்த வித்தை ஞாபகம் வந்தது. நர்ஸம்மாவிடம் அனுமதி கேட்டு, மருந்துக் கடையில் ஊசி இல்லாத புது சிரிஞ்சு இரண்டு, 5 மில்லி ஒன்று, 20 மில்லி ஒன்று, வாங்கினேன். மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூபால் இரண்டையும் இணைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பினேன்.

"பாஸ்கல் என்று ஒரு விஞ்ஞானி..." என்று ஆரம்பித்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அது ஒன்றுதான் ஞாபகம்! குழந்தைகள் கொட்டாவி விட்டார்கள். வாயை மூடிக்கொண்டு சிறியதை அழுத்தினேன். பெரியதன் தண்டு தானாக மேலே ஏறியது. அதன் மேல் ஒரு புத்தகத்தை வைத்தேன். அதையும் தூக்கியது. கார் பிரேக்கும், லாரியைத் தூக்கும் ஜாக்கியும் இதே கதைதான்.

சிறுமி மெல்ல எழுந்து வந்தாள். "நான் அமுக்கவா?" நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை அது. அன்று சாயங்காலம் வரை சிரிஞ்சு அவள் கையை விட்டுப் போகவில்லை.

மறுநாள் ஊசி போட்டபோது அழத்தான் செய்தாள். பொய் சொல்வானேன்! ஆனால் ஒளியவில்லை. கண்ணீரோடு, "இது எத்தனை மில்லி?" என்று கேட்டாள். நர்ஸம்மா ஒரு கணம் நின்று, "ரெண்டு மில்லி கண்ணு" என்றார்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு எல்லாவற்றையும் பிறர்தான் செய்கிறார்கள். அதுவாகச் செய்ய ஒன்று கிடைத்தால், கேள்வி கேட்கத் தைரியம் வந்து விடுகிறது.

இதற்குப் பெரிய செலவில்லை. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்தே வடிவ கணிதம் சொல்லிக் கொடுத்தவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அவர், குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத் தந்தவர். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். நம் ஊரில் 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' என்ற சிறுவர் பத்திரிகையைக் கொண்டு வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சோதனை செய்து பார்க்க 2022-ல் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது.

நீங்கள் செய்வதானால் சில எச்சரிக்கைகள்: டாக்டர், நர்ஸ் அனுமதி இல்லாமல் எதுவும் வேண்டாம். விழுங்கக் கூடிய காந்தம், பட்டன் பேட்டரி, மணிகள், பலூன், நெருப்பு கூடவே கூடாது. ஒரு குழந்தை வாயில் வைத்ததை இன்னொன்றுக்குத் தராதீர்கள். கை கழுவிய பிறகே தொடங்குங்கள். குழந்தை களைத்தால் உடனே நிறுத்தி விடுங்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது, ஆரஞ்சுப் பழத்தோடு இரண்டு காகிதக் கப்பும் கொஞ்சம் நூலும் எடுத்துப் போங்களேன்!