உங்கள் தோலின் மேலடுக்கு: செங்கல் சுவர்போல் ஒரு காவல்

வயது கூடும்போது தோல் ஏன் வறண்டு அரிக்கிறது? லேசாக இடித்துக்கொண்டாலே ஏன் கிழிந்துவிடுகிறது? தோலின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும்.

வெளியே தெரியும் மேல்தோல், உடலின் பெரும்பாலான இடங்களில் ஒரு தாளின் தடிமன்தான். அதற்குள் உயிரணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன.

கீழிருந்து மேலாக நான்கு அடுக்குகள்

• அடி அடுக்கு: ஒரே வரிசை. புதிய உயிரணுக்கள் இங்கேதான் உருவாகின்றன. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களும் இங்கே உள்ளன.
• முள் அடுக்கு: பல வரிசைகள். உயிரணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்வதால் தோல் உறுதி பெறுகிறது.
• குருணை அடுக்கு: சுமார் 3 முதல் 5 வரிசைகள். உயிரணுக்கள் தட்டையாகி, கொழுப்பை வெளியிடுகின்றன.
• கொம்பு அடுக்கு: உயிரற்ற, தட்டையான உயிரணுக்கள். இவை செங்கற்கள் என்றால், இடையில் உள்ள கொழுப்பு சாந்து. இந்தச் சுவர்தான் ஈரத்தை உள்ளே காத்து, கிருமிகளை வெளியே நிறுத்துகிறது.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்தச் சுவர் அதிகத் தடிமனாக இருக்கும்.

அடியில் பிறக்கும் உயிரணு மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகும். முதுமையில் இன்னும் அதிக நாள் ஆகும். அதனால் காயங்களும் மெதுவாகவே ஆறும்.

முதுமையில் என்ன மாறுகிறது?

“சாந்து” குறைகிறது. ஈரம் வெளியேறி, தோல் வறண்டு அரிக்கிறது.

இளவயதில் மேல்தோலும் அதன் கீழ் உள்ள தோலும் விரல்களைக் கோத்த இரு கைகள்போல் இணைந்திருக்கும். முதுமையில் அந்தப் பிடிப்பு தளர்ந்து, ஒரு கைமேல் மறு கையை வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. ஒட்டிய பிளாஸ்திரியை வெடுக்கென்று இழுத்தால்கூட மேல்தோல் உரியலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• சுடுநீரைத் தவிர்த்து, வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளியுங்கள். சுடுநீரும் கடுமையான சோப்பும் “சாந்தை” அகற்றிவிடும்.
• அரிப்புக்காகக் குளிக்கும் நீரில் கிருமிநாசினித் திரவம் கலக்காதீர்கள். அது வறட்சியை அதிகமாக்கும்.
• துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுவதும் காயும் முன் ஈரப்பதக் களிம்பு தடவுங்கள்.
• குளியலறையில் எண்ணெய் தேய்த்தால், தரையில் சிந்தியதை உடனே துடையுங்கள். வழுக்கி விழ நேரிடலாம்.
• நீரிழிவு நோய் இருந்தால் தினமும் பாதங்களைப் பாருங்கள். கால்விரல்களின் இடுக்கில் களிம்பு தடவ வேண்டாம்.

மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்?

• தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு
• இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண்
• அளவு, வடிவம் அல்லது நிறம் மாறும் மச்சம்
• சிவந்து, வீங்கி, சீழ் வடியும் காயம்

நீரிழிவு நோயாளிகள் பாதத்தில் சிறு காயம் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். உங்கள் குடும்ப மருத்துவரையோ அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தையோ உடனே நாடுங்கள்.